‘அப்டேட் போட்டதிலிருந்து...’

“அண்ணா, அப்டேட் போட்டதிலிருந்து லேப்டாப் சரியாவே இல்லை. ஃபார்மட் பண்ணிடலாமா?”

தங்கை தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. அவள் சொன்ன முதல் வாக்கியத்தில் உள்ள ‘போட்டதிலிருந்து’ என்ற சொல் காலத்தை மட்டுமே குறிக்கிறது. ஆனால் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் அது அவள் மனத்தில் ‘போட்டதால்’ என்று மாறிவிட்டது. ஐந்தாம் வேற்றுமைக்கு எல்லைப் பொருளும் உண்டு, ஏதுப் பொருளும் உண்டு என்று இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். மொழிக்கு அந்த நெகிழ்ச்சி அழகுதான். ஆனால் கணினியில் ஒரு கோளாறு எப்போது தொடங்கியது என்பதும் எதனால் தொடங்கியது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையே இல்லாமல் கணினிகள் ஃபார்மட் செய்யப்படுகின்றன, அவற்றோடு சேர்ந்து திரும்பப் பெற முடியாத கோப்புகளும் அழிந்துபோகின்றன என்று பல ஆண்டு அனுபவத்தில் எனக்குப் பட்டிருக்கிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் சொல்வோம். ஆனால் நம் கணினியில் பழம் விழும்போது காக்கையைத் தவிர வேறெதுவும் நம் கண்ணில் படுவதில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. பெரிய புதுப்பிப்பு ஒன்று வரும்போது கணினி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. திரையில் விழுக்காடு மெல்ல ஏறுகிறது. பலமுறை அணைந்து எழுகிறது. அவ்வளவு பெரிய நிகழ்வு நினைவில் ஆணியடித்ததுபோல் நிற்கும்போது, அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு நாள் கோப்புறை ஒன்று திறக்கத் தாமதித்தது யாருக்கு நினைவிருக்கும்?

அன்று மாலை தங்கையின் வீட்டுக்குப் போய் மடிக்கணினியைப் பார்த்தேன். புதுப்பிப்பு முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கணினியை இயக்கினால் முகப்புத் திரை வர நான்கு நிமிடம் ஆனது. படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கணினியின் உறுப்புகள் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில், கணினியின் மூளையான சிபியு 8 விழுக்காட்டில் சும்மா கிடக்க, கோப்புகளைச் சேமிக்கும் வட்டான டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் சிவந்து நின்றது. அதே வரியில் வாசிப்பும் எழுதலும் நொடிக்கு ஒரு மெகாபைட்டைக்கூடத் தொடவில்லை. இந்த முரணைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். வட்டு முழு மூச்சாக உழைக்கிறது என்றால் ஏராளமான தரவு நகர வேண்டும். உழைப்பு 100 விழுக்காடாக இருந்தும் தரவு நகரவில்லை என்றால், அது ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது என்று ஐயப்படலாம்.

பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு முதல் ஓரிரு நாள் கணினி மந்தமாக இருப்பது இயல்பு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தேடலுக்கான அட்டவணையை இயங்குதளம் புதிதாகக் கட்டும். நச்சுநிரல் தடுப்பான் எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை அலசும். மேக் கணினியில் ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி இதே வேலையைச் செய்யும், படங்களின் தொகுப்பும் தனக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அப்போதும் டிஸ்க் 100 விழுக்காட்டைத் தொடலாம். ஆனால் அந்த நேரத்தில் தரவு உண்மையிலேயே நகரும், ஒரு இரவு மின் இணைப்பில் விட்டுவைத்தால் வேலை முடிந்து அடங்கிவிடும். ஆறு நாள் கழித்தும் அடங்காமல், தரவும் நகராமல் நின்றால் அது வேறு.

வன்தட்டுகள் தமக்கென்று ஒரு நாட்குறிப்பை வைத்திருக்கின்றன. ஸ்மார்ட் என்று அழைக்கப்படும் அந்தப் பதிவில், வட்டு இதுவரை எத்தனை மணி நேரம் இயங்கியது, எத்தனை பகுதிகள் பழுதாகி மாற்றிடம் பெற்றன, எத்தனை பகுதிகள் படிக்க முடியாமல் காத்திருக்கின்றன என்பவை எல்லாம் இருக்கும். இயங்குதளத்தை மாற்றினாலும், வட்டை முழுவதும் அழித்தாலும் அந்தக் குறிப்பு அழியாது, ஏனென்றால் அது வட்டு தனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும் தனிப் பகுதியில் இருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியைக் கொண்டு அதைப் படித்தேன். வட்டு மொத்தம் இயங்கிய நேரம் 11,390 மணி. காத்திருக்கும் பகுதிகளைக் குறிக்கும் 197-ஆம் வரியில் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் 64 என்று இருந்தது. அதற்கும் கீழே, பிழைகளின் பதிவில், ஐந்து பிழைகள் இருந்தன. அவற்றில் மிகப் பழையது வட்டு 11,240-ஆவது மணியில் இருந்தபோது நேர்ந்தது.

இரண்டுக்கும் இடையே 150 மணி நேரம். தங்கை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் கணினியைப் பயன்படுத்துவாள். அப்படியென்றால் முதல் பிழை இருபத்தைந்து நாள் முன்னால் நேர்ந்திருக்கிறது. புதுப்பிப்போ ஆறு நாள் முன்னால் வந்தது. இதைச் சொன்னதும் அவள் சற்று யோசித்துவிட்டு, “ஆமாண்ணா, போன மாசம் ஒரு நாள் போட்டோ ஃபோல்டர் திறக்காம நின்னுபோச்சு. பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணினேன். அப்புறம் சரியாயிடுச்சு” என்றாள்.

அப்படியானால் புதுப்பிப்புக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறு வகையான பங்கு. பெரிய புதுப்பிப்பு என்பது பல ஜிகாபைட் தரவை இறக்கி, விரித்து, புதிய இயங்குதளத்தை முழுமையாக எழுதி, பழையதை ஒரு தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் பெருவேலை. பல மாதம் தொடப்படாமல் கிடந்த பகுதிகளை எல்லாம் அது படிக்கிறது, காலியாகக் கிடந்த பகுதிகளில் எழுதுகிறது. ஓட்டை விழுந்த கூரை கோடையில் நல்ல கூரையாகவே இருக்கும். மழை வந்த அன்று ஒழுகும். மழையைத் திட்டிக்கொண்டு கூரையை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு அன்று பெருங்கவலையாக இருந்தது. ஃபார்மட் செய்திருந்தால் அதே சாகும் வட்டின்மீது புதிய இயங்குதளம் ஏறியிருக்கும், படங்கள் எல்லாம் போயிருக்கும், இரண்டு மாதத்தில் கோளாறு திரும்பி வந்திருக்கும்.

இந்த நிலையில் பழுதுபார்ப்பு முதல் வேலை ஆகாது. வட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓடவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நல்ல வட்டில் அது நல்ல கருவிதான். ஆனால் பழுதான வட்டில் அது மூலை முடுக்கெல்லாம் படித்து, எஞ்சியிருக்கும் ஆயுளையும் தின்றுவிடக்கூடும். முதலில் நகல் எடுக்க வேண்டும், அதிலும் இழக்க முடியாதவற்றை முதலில் எடுக்க வேண்டும். நாங்கள் அன்றிரவு படங்களையும் அவளுடைய பணிக் கோப்புகளையும் வெளி வட்டுக்கு நகல் எடுத்தோம். மொத்தம் 90 ஜிகாபைட்டை எடுக்க விடிந்துவிட்டது. பதினோரு படங்கள் மட்டும் எத்தனை முயன்றும் வரவில்லை. மறுவாரம், சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, அவள் குறைகூறிய அதே புதிய பதிப்பை அதில் நிறுவினோம். கணினி பதினைந்து நொடியில் எழுந்தது.

புதுப்பிப்பின்மீது வீண்பழி விழுவதற்கு இன்னொரு காரணம், பலருக்கும் தெரியாத ஒரு சிறிய செய்தியில் இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், இயல்பான அமைப்பில் ‘ஷட் டவுன்’ என்பதை அழுத்தினால் கணினி பெரும்பாலும் முழுமையாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்குதளத்தின் கருவை அப்படியே வட்டில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் உண்மையிலேயே எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ என்ற வரியைப் பாருங்கள். ஒவ்வோர் இரவும் தவறாமல் அணைத்துவந்த என் கணினியில் ஒருமுறை அது 23 நாள் என்று காட்டியது. ஆகவே, சில வாரங்களில் முதன்முறையாக நிகழும் முழுத் தொடக்கமே புதுப்பிப்புக்கான மறுதொடக்கமாக இருப்பது அரிதன்று. இடையில் நிறுவிய ஒரு நிரல், மாற்றிய ஓர் அமைப்பு ஆகியவற்றின் விளைவெல்லாம் அன்றைக்குத்தான் வெளிப்படும். எனவே புதுப்பிப்பைத் தொடங்குவதற்கு முன்னால், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் வழக்கமான வேலையைச் செய்து பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். அப்போதே தலைகாட்டும் கோளாறு புதுப்பிப்பின் கணக்கில் சேராது.

எல்லாப் பழியும் வீண்பழி என்று சொல்ல வரவில்லை. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய ஆவணங்களையே அழித்தது. ஆவணக் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றி அமைத்திருந்தவர்களின் கணினியில், பழைய இடத்தில் மிஞ்சியிருந்த கோப்புறையைத் தேவையற்ற நகல் என்று எண்ணி அந்தப் பதிப்பு நீக்கியது. அதற்குள் கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கவில்லை. சில நாளிலேயே வெளியீடு நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது. 2019-இல் வந்த மேக் ஓஎஸ் காட்டலினா, 32 பிட் என்ற பழைய வகைச் செயலிகளை முற்றிலும் கைவிட்டது. அன்றுவரை ஓடிய பழைய செயலி அன்று முதல் திறக்கவில்லை என்றால் அதற்கு மறுபேச்சே இல்லை. ‘இலிருந்து’ என்பதும் ‘ஆல்’ என்பதும் ஒன்றாகும் இடங்கள் இவை. நான் வேண்டுவதெல்லாம், ஒன்றாகின்றனவா என்று சோதித்துப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

அந்தச் சோதனையை மிக நேர்த்தியாகச் செய்ய இடம் தருவது லினக்ஸ் என்ற இயங்குதளம். உபுண்டு போன்ற வெளியீடுகளில் புதிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, வந்தாலும் முந்தையது வட்டிலேயே இருக்கும். கணினி எழும்போது வரும் க்ரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். வைஃபை புதிய கெர்னலில் இயங்காமல் பழையதில் இயங்கினால், மீண்டும் புதியதற்குப் போய்ப் பார்க்கும்போது திரும்பவும் இயங்காமல் நின்றால், குற்றம் எங்கே என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. விண்டோஸில் இவ்வளவு எளிதாகப் போய்வர முடியாது. அங்கே சேஃப் மோட் ஓரளவு அந்த இடத்தை நிரப்புகிறது. இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதிகள் மட்டும் ஏறும் அந்த நிலையில் கோளாறு மறைந்தால், புதிய பதிப்பைவிட அதன்மேல் நாம் ஏற்றிவைத்த ஏதோ ஒன்றின்மீதுதான் முதல் ஐயம் விழ வேண்டும்.

என் சொந்தக் கணினியில் அப்படி ஒன்று நடந்தது. பெரிய புதுப்பிப்புக்கு மறுநாள், எந்தக் கோப்பின்மீது வலது சொடுக்குச் செய்தாலும் திரை பத்து நொடி உறைந்தது. சில வேளை பணிப்பட்டையே மறைந்து மீண்டும் வந்தது. அன்று மாலைக்குள் ஒரு பணியை முடித்துக்கொடுக்க வேண்டியிருந்ததால் பதற்றத்தில் ஒரே நேரத்தில் டிரைவரை (வன்பொருளை இயக்கும் சிறு நிரலை) மாற்றினேன், இரண்டு நிரல்களை நீக்கினேன், ஓர் அமைப்பையும் திருத்தினேன். உறைவு நின்றது. ஆனால் எது அதை நிறுத்தியது என்று எனக்குத் தெரியவில்லை. நீக்கிய நிரல்கள் வேலைக்குத் தேவையானவை என்பதால் நான்கு நாள் கழித்துத் திரும்ப நிறுவினேன். உறைவும் திரும்பி வந்தது. அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் இன்றும் தொடர்கிறது: கணினிக்குப் பக்கத்தில் ஒரு தாள், அதில் நேரம், செய்த ஒரே ஒரு மாற்றம், அதன் விளைவு. ஒரு மாற்றம் பயன் தரவில்லை என்றால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொடுவேன்.

இம்முறை வலது சொடுக்குப் பட்டியலில் தம் வரிகளைச் சேர்த்திருந்த நிரல்களை எண்ணினேன், பதினாறு இருந்தன. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பதினாறு முறை மறுதொடக்கம் செய்ய வேண்டிவரலாம். பாதியை, அதாவது எட்டை நிறுத்தினேன். உறைவு இருந்தது, எனவே மிச்சமிருந்த எட்டில்தான் குற்றவாளி. அவற்றில் நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று நான்கே சோதனையில் ஆள் அகப்பட்டது. நான் நீக்கித் திரும்ப நிறுவிய இரண்டில் ஒன்றான, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல். புதிய பதிப்பின் பட்டியல் அமைப்புக்கு ஏற்ப அதை யாரும் திருத்தி எழுதவில்லை. அதை நீக்கிய பிறகு, முன்பு வீணாகப் பழி சுமத்தி நான் மாற்றியிருந்த டிரைவரைத் திரும்பவும் பழைய இடத்தில் வைத்தேன்.

இந்தப் பொறுமையான முறைக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. அது நாட்காட்டி. விண்டோஸில் பழைய பதிப்பு ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறையில் 10 நாள் மட்டுமே இருக்கும். அதற்குள் அமைப்புகளில் உள்ள ‘கோ பேக்’ பொத்தானை அழுத்தினால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். 2016 வரை இந்தக் கெடு 30 நாளாக இருந்தது. அதைக் குறைத்தது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை, ஏனென்றால் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவி பழுதாகியிருப்பது 10 நாளில் தெரியாது. விண்டோஸின் பராமரிப்புக் கருவியான டிஸ்ம் கட்டளையைக் கொண்டு அந்தக் கெடுவை 60 நாள்வரை நீட்டலாம். கோப்புறை அழிவதற்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும். வட்டில் இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்’ என்ற பெட்டியை டிக் செய்து அழிப்பவர்கள், திரும்பும் வழியையும் சேர்த்தே அழிக்கிறார்கள் என்பதை உணர்வதில்லை. இருபது ஜிகாபைட் கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சி அந்த நேரத்தில் கண்ணை மறைத்துவிடுகிறது.

புதுப்பிப்பு பாதியிலேயே நின்று பழைய பதிப்புக்குத் தானாகத் திரும்பிவிட்டால், திரையில் காட்டப்படும் பிழை எண்ணைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அது வெறும் எண் என்று கடந்துவிடுபவர்களே மிகுதி. 80070070 என்று முடிந்தால் வட்டில் இடம் போதவில்லை என்று பொருள். சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் தடுத்திருக்கிறது. தேவையற்ற யுஎஸ்பி கருவிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி முயன்றாலே பலமுறை வேலை முடிந்துவிடும். இயங்குதளக் கோப்புகள் சிதைந்திருக்குமோ என்ற ஐயம் வந்தால் எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டலாம். ஆனால் அது சிதைந்த கோப்புக்குப் பதிலாக நல்ல நகலை இயங்குதளத்தின் உள் கிடங்கிலிருந்துதான் எடுக்கிறது. விதைநெல்லே பூச்சி அரித்துக் கிடந்தால் விதைத்து என்ன பயன்? அதனால் கிடங்கைச் சீராக்கும் டிஸ்ம் கட்டளையை முதலில் ஓட்டிவிட்டு, பிறகு எஸ்எஃப்சி-க்கு வருவது என் வழக்கம்.

திரையில் திடீரென்று நீல நிறத்தில், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற வசதியின் மீட்புக் குறியீடு கேட்கப்படுவதும் இத்தகைய மாற்றங்களுக்குப் பிறகு நேர்வதுண்டு. கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) அல்லது பாதுகாப்புச் சில்லின் நிலை மாறியதை உணர்ந்து, வட்டின் பூட்டு உரியவர்தானா என்று உறுதி செய்துகொள்கிறது. 48 இலக்கம் கொண்ட அந்தக் குறியீடு பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அது கையில் இல்லையென்றால் எந்தத் தொழில்நுட்பராலும் அந்த வட்டைத் திறக்க முடியாது. தம் கணினியில் அந்தப் பூட்டு இருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பவர்கள் பலர். தயவுசெய்து இன்றே அதைத் தேடி, ஒரு தாளில் எழுதி, கணினியில் அல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள்.

ஒருமுறை இப்படி அல்லல்பட்டவர்கள், இனிப் புதுப்பிப்பே வேண்டாம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவைப்பதைப் பார்க்கிறேன். அவர்களுடைய சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கிய வானாக்ரை நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகிவிட்டது. இடையில் இருந்த ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அதைப் போடாதவர்களின் கணினிகள்தான் திறந்த வீடாகக் கிடந்தன. பெரிய பதிப்பை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, மற்றவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுவது விவேகம். மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடுவது அந்த வகையில் சேராது.

இரண்டு மாதம் முன்னால் தங்கை மீண்டும் அழைத்தாள். “அண்ணா, பிரிண்டர் வேலை செய்யலை. புதன்கிழமை அப்டேட் வந்துச்சு. ஆனா எழுதி வெச்சதைப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமையே ஒரு தடவை பிரிண்ட் வராம நின்னிருக்கு.”

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. வைஃபை கடவுச்சொல்லை அன்றுதான் மாற்றியிருக்கிறார்கள். எல்லாக் கருவிகளுக்கும் புதியதைக் கொடுத்தவர்கள் பிரிண்டருக்கு மட்டும் கொடுக்க மறந்திருக்கிறார்கள்.